முதுகு வலியும் முழிக்க வைக்கும் வார்த்தைகளும்

எங்கள் ஆலத்தியூர்ப் பக்கத்தில் உடம்பு வலிக்கு மூன்றே மூன்று பெயர்கள்தான். வாயு, சுளுக்கு, பிடிப்பு. முதுகில் குத்தினால் வாயு. கழுத்து திரும்பாவிட்டால் சுளுக்கு. குனிந்த இடுப்பு நிமிராவிட்டால் பிடிப்பு. மருந்தும் மூன்றுதான். பூண்டு, விளக்கெண்ணெய், வெந்நீர் ஒத்தடம். மக்காச்சோளம் ஒடிப்பது, களை எடுப்பது, முந்திரிக் கொட்டை பொறுக்குவது எல்லாமே குனிந்து செய்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் தண்ணீர்க் குடம், மாட்டுத் தொழுவம், இடுப்பில் குழந்தை. இத்தனைக்கும் இருப்பது ஒரே ஒரு இடுப்பு. அது முனகாமல் என்ன செய்யும்?

இப்போது காலம் மாறிவிட்டது. அரியலூருக்கோ பெரம்பலூருக்கோ போனால் எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுத்துக் கொண்டு வந்துவிடலாம். படத்தோடு கூட ஒரு காகிதமும் கையில் கொடுக்கிறார்கள். அதில் இருக்கும் இங்கிலீஷ் வார்த்தைகள் வலியைவிட அதிகமாகப் பயமுறுத்துகின்றன. அப்படிப் பயந்துபோன ஒருத்தியின் கதையையும், அந்த வார்த்தைகளுக்கு நான் கேட்டுத் தெரிந்துகொண்ட அர்த்தங்களையும் சகோதரிகளுடன் பகிர்ந்து கொள்கிறேன்.

என் நாத்தனாருக்கு வயது முப்பத்திரண்டு. இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. போன வருஷம் ஒரு நாள் அரிசி மூட்டையை நகர்த்தும்போது இடுப்பில் 'சுரீர்' என்று பிடித்துக் கொண்டது. பத்து நாளாகியும் சரியாகவில்லை என்று ஸ்கேன் எடுத்தார்கள். "எல்-4, எல்-5 டிஸ்க் பல்ஜ், ஆரம்ப நிலை ஸ்பாண்டிலோசிஸ், டிஸ்க் டீஜெனரேஷன்" என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தது. யாரோ ஒருவர் அதை வாசித்து, "டிஸ்க் பிதுங்கிப் போச்சு, எலும்பு தேஞ்சு போச்சு, இனிமே குனியவே கூடாது, குனிஞ்சா கால் விளங்காது" என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். அவள் படுக்கையிலேயே கிடந்தாள். கோலம் போடுவதில்லை, துணி துவைப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தையைத் தூக்குவதில்லை. "நோவுக்காரப் பொண்ணைத் தலையில கட்டிட்டாங்க" என்று அவள் மாமியார் வீட்டில் பேச ஆரம்பித்தார்கள். மூன்று மாதம் கழித்து ஒரு பெட்டியோடும் குழந்தையோடும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். குழந்தை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கும். இவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "அண்ணி, நீங்க தூக்குங்க" என்பாள். பார்க்கச் சகிக்காது.

அப்போது என் அத்தையின் முழங்கால் வலிக்காக, 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பிஸியோதெரபி மேடம் ஒருவர் வீட்டுக்கு வந்து பயிற்சி சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்தார். அவரிடம் ரிப்போர்ட்டைக் காட்டினோம். அவர் காகிதத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, முதலில் ஆளைப் பார்த்தார். மல்லாந்து படுக்க வைத்துக் காலை நேராகத் தூக்கிப் பார்த்தார். குதிகாலால் நடக்கச் சொன்னார், நுனிக்காலால் நடக்கச் சொன்னார். "ஒண்ணுக்குப் போறதுல ஏதாச்சும் சிரமம் இருக்கா? உட்கார்ற இடத்துல மரத்துப் போகுதா?" என்று கேட்டார். எல்லாம் பார்த்துவிட்டு, "இதுக்கா மூணு மாசம் படுத்திருந்தே?" என்றார். அவர் சொன்னதை எலும்பு டாக்டர் ஒருவரிடமும் காட்டி உறுதி செய்துகொண்டோம். அன்றிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டு எழுத ஆரம்பித்தேன்.

எல்-4 என்றால் என்ன?

முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. சிறு சிறு எலும்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தூண் அது. கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, இடுப்பில் 5, ஆக அசையக் கூடியவை 24. அதற்குக் கீழே உள்ளவை ஒன்றோடொன்று ஒட்டிப் போனவை. கழுத்து எலும்புகளுக்கு 'சி', மார்புப் பகுதிக்கு 'டி', இடுப்புக்கு 'எல்' என்று எழுத்து போட்டு, மேலிருந்து நம்பர் கொடுக்கிறார்கள். எல்-4 என்றால் இடுப்பு எலும்புகளில் நாலாவது. வீட்டு நம்பர் மாதிரிதான், வியாதியின் பெயர் இல்லை. நம் உடம்பின் மேல்பாரம் பெரும்பாலும் எல்-4, எல்-5 வீடுகளில்தான் இறங்குகிறது. அதனால்தான் ஊரில் பாதிப் பேர் ரிப்போர்ட்டில் இந்த இரண்டு நம்பர்களும் வருகின்றன.

இரண்டு எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தைதான் 'டிஸ்க்'. சுற்றிலும் நார் வளையம், நடுவில் கூழ் போன்ற பொருள். அந்த மெத்தை சற்றே வெளிப்பக்கம் உப்பினால் 'பல்ஜ்'. நார் கிழிந்து நடுவிலிருக்கும் கூழ் வெளியே வந்தால் 'ஹெர்னியேஷன்' அல்லது 'புரோலாப்ஸ்'. இரண்டும் ஒன்றல்ல. அப்படி வெளியே வந்ததும்கூடப் பலருக்குச் சில மாதங்களில் உடம்பே கரைத்துச் சுருக்கிவிடுகிறதாம்.

தேய்மானம் என்ற பூச்சாண்டி

'டீஜெனரேஷன்' என்றால் தேய்மானம். தேய்ந்தது என்றதும் நமக்குச் செருப்புத் தேய்ந்து ஓட்டை விழுந்த மாதிரி தோன்றுகிறது. ஆனால் இது தலைமயிர் நரைப்பது போன்றது என்றார் மேடம். 2015-ல் ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு வெளியாயிற்று. முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் விவரங்களை அதில் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவிகிதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம். 30 சதவிகிதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ். எண்பது வயதில் தேய்மானம் 96 சதவிகிதம்! இவர்கள் யாருக்கும் வலி கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். ஆக, ரிப்போர்ட்டில் இருப்பதெல்லாம் வலிக்குக் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

இதைச் சொன்னபோதுதான் என் நாத்தனாரின் முகத்தில் முதன்முதலாக ஒரு தெளிவு வந்தது. "அப்ப நான் முடமாக மாட்டேனா மேடம்?" என்று கேட்டாள். "படுத்தே கிடந்தா உடம்பு வலுவிழந்து போகும். எழுந்து நட" என்றார் அவர்.

மூன்று 'ஸ்பாண்டி'கள்

ஒலியில் ஒன்று போல இருந்து குழப்புகிற மூன்று வார்த்தைகள் உண்டு. 'ஸ்பாண்டிலோசிஸ்' என்பது வயதோடு வரும் தேய்மானம். 'ஸ்பாண்டிலைடிஸ்' என்பது அழற்சி, அதாவது மூட்டுகள் வீங்கிச் சூடாகிற நோய். இளம் வயதிலேயே தொடங்கும். காலையில் எழும்போது அரை மணிக்கு மேல் உடம்பு விறைத்திருக்கும். ஓய்வெடுத்தால் அதிகமாகும், நடமாடினால் குறையும். இதற்கு மூட்டு வாத நிபுணரைத்தான் பார்க்க வேண்டும். 'ஸ்பாண்டிலோலிஸ்தெசிஸ்' என்றால் ஓர் எலும்பு கீழ் எலும்பின் மேல் சற்றே முன்னால் நழுவியிருப்பது. நம் ஊரில் மூன்றையும் 'ஸ்பாண்டிலைடிஸ்' என்றே சொல்லிவிடுகிறோம். எது என்று டாக்டரிடம் தெளிவாகக் கேட்டுக் கொள்ளுங்கள்.

'சயாட்டிகா' என்பது தனி வியாதி அல்ல, ஓர் அடையாளம். இடுப்பிலிருந்து கால் வரை ஓடும் பெரிய நரம்பு உறுத்தப்படும்போது, பிட்டத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி இழுக்கும். 'ஆஸ்டியோஃபைட்' என்பதுதான் "எலும்பு வளர்ந்திருக்கு" என்று சொல்கிறார்களே, அது. தேய்ந்த மூட்டின் விளிம்பில் உடம்பு போட்டுக்கொள்ளும் முட்டு.

எது சுளுக்கு?

தமிழில் நாம் சுளுக்கு என்று ஒரே வார்த்தையில் சொல்வதை அவர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். எலும்பையும் எலும்பையும் கட்டியிருக்கும் நாருக்கு 'லிகமெண்ட்' என்று பெயர். அது இழுபட்டால் 'ஸ்ப்ரெயின்'. கணுக்கால் பிறழ்வது இந்த வகை. தசையையும் எலும்பையும் இணைக்கும் நார் 'டெண்டன்'. தசையோ டெண்டனோ இழுபட்டால் 'ஸ்ட்ரெயின்'. தசை தானாக இறுகி நிற்பது 'ஸ்பாஸம்', நம்முடைய பிடிப்பு. என் நாத்தனாருக்கு அரிசி மூட்டையால் வந்ததும் பெரும்பாலும் இதுதான்.

நெட்டி முறிக்கும் வைத்தியம்

இந்தச் சமயத்தில் என் தங்கை மகன் போனில் ஒரு வீடியோவைக் கொண்டு வந்து காட்டினான். ஒருவரைக் குப்புறப் படுக்க வைத்து, கழுத்தைத் திருப்பி, 'மடக்' என்று ஒரு சத்தம். "பெரியம்மா, இது கைரோபிராக்டிக். சித்தியை டவுனுக்குக் கூட்டிட்டுப் போனா ஒரே நாள்ல சரி ஆயிடும்" என்றான். அதையும் விசாரித்தேன்.

'கைரோபிராக்டிக்' என்றால் கிரேக்க மொழியில் 'கையால் செய்வது' என்று பொருள். 1895-ல் அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் டி.டி. பால்மர் என்பவர் தொடங்கினார். முதுகெலும்பு இடம் விலகுவதால்தான் நோய்கள் வருகின்றன என்பது அவர் கொள்கை. அந்த விலகலுக்கு 'சப்லக்சேஷன்' என்று பெயர்; அதைக் கையால் தள்ளிச் சரி செய்வதற்கு 'அட்ஜஸ்ட்மெண்ட்' என்று பெயர். எல்லா நோய்க்கும் இதுவே காரணம் என்பதை மருத்துவ விஞ்ஞானம் ஏற்கவில்லை. ஆனால் சாதாரண இடுப்பு வலிக்கு, பயிற்சி பெற்றவர் கையால் செய்யும் சிகிச்சை ஓரளவு பலன் தருகிறது என்பதை ஏற்கிறது. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டியில் உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், இவற்றோடு இந்தக் கைச் சிகிச்சையும் மசாஜும் இடம் பெற்றிருக்கின்றன. நாம் ஓடிப்போய் வாங்கும் இடுப்பு பெல்ட்டும், எடை கட்டி இழுக்கும் டிராக்ஷனும் வழக்கமாகக் கொடுக்க வேண்டியவை அல்ல என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த 'மடக்' சத்தம் எலும்பு இடத்தில் உட்காரும் சத்தம் என்று நினைக்கிறோம். இல்லையாம்! குழந்தைக்குத் திருஷ்டி கழித்து நெற்றிப் பொட்டில் விரல்களை வைத்து நெட்டி முறிக்கிறோமே, அதே சத்தம்தான். மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான திரவத்தில் வாயுக் குமிழி உண்டாவதால் வருவது. அதனால்தான் ஒரு முறை முறித்த விரலை உடனே மறுபடி முறிக்க முடிவதில்லை. சுமார் இருபது நிமிஷம் ஆக வேண்டும். சத்தம் வந்தால் குணம், வராவிட்டால் குணமில்லை என்பது கிடையாது.

கையால் செய்யும் வைத்தியம் நமக்குப் புதிதும் அல்ல. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று, தட்டல், இறுக்கல், பிடித்தல் முதலாக ஒன்பது வகை சொல்லியிருக்கிறார்கள். எது செய்தாலும் யார் செய்கிறார், எந்த உடம்புக்குச் செய்கிறார் என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் கைரோபிராக்டருக்குத் தனிப் படிப்பும் லைசென்சும் உண்டு. நம் நாட்டில் அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லாததால், பலகை மாட்டியவரின் படிப்பை நாம்தான் விசாரிக்க வேண்டும். பிஸியோதெரபிக்குப் பட்டப்படிப்பு இருக்கிறது.

குறிப்பாக, கழுத்தைச் சட்டென்று திருப்பி முறிப்பதற்கு, அது சலூன் கடையானாலும் சரி, சுளுக்கு எடுப்பவரானாலும் சரி, ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தது உண்டு. அபூர்வம்தான், ஆனால் வந்தால் போச்சு. எலும்பு பலவீனமானவர்கள், புற்றுநோய் இருந்தவர்கள், முதுகெலும்பில் காசநோய் இருப்பவர்கள் முறுக்கித் திருப்புகிற எந்தச் சிகிச்சைக்கும் போகக் கூடாது. முதுகெலும்பில் காசநோயா என்று கேட்காதீர்கள். நம் நாட்டில் அது இருக்கிறது. சாயங்காலக் காய்ச்சல், உடம்பு இளைப்பு, ராத்திரி தூங்க விடாத முதுகு வலி என்றால் தைலம் தடவிக் கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

குதிரை வால்

மேடம் ஏன் 'ஒண்ணுக்குப் போறதுல சிரமமா' என்று கேட்டார் என்பது எனக்கு உடனே புரிந்தது. காரணம், எங்கள் எதிர் வீட்டு அக்கா. அவருக்கு ரொம்ப நாளாக இடுப்பு வலி. ஒரு நாள் இரண்டு காலும் இழுத்தது. மறுநாள் உட்காரும் இடம் மரத்துப் போயிற்று; சிறுநீர் பிரியவில்லை. "உடம்பு சூடு" என்று வெந்தயமும் மோரும் கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் 108-ஐக் கூப்பிட்டு, பிறகு திருச்சிக்குக் கொண்டு போனார்கள். அன்று ராத்திரியே ஆபரேஷன். பிழைத்து நடமாடுகிறார்; ஆனால் ஒரு காலைச் சற்று இழுத்துத்தான் நடக்கிறார்.

முதுகெலும்பின் அடியில் நரம்புகள் கற்றையாகத் தொங்குகின்றன. பார்க்கக் குதிரை வால் மாதிரி இருப்பதால் லத்தீனில் 'காடா எக்வினா' என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கற்றை மொத்தமாக நசுங்கும்போதுதான் அக்காவுக்கு வந்தது போல வரும். உட்காரும் இடமும் தொடை நடுவும் மரத்தல், சிறுநீர் பிரியாமை அல்லது அறியாமல் போய்விடுதல், மலம் கட்டுப்படாமை, கால் பலவீனம் ஆகியவையே அடையாளங்கள். இதில் ஒன்று வந்தாலும் மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளிப் போடக் கூடாது. மணிக்கணக்கில் அவசரம். இதைச் சொல்ல நம் பெண்கள் கூச்சப்படுகிறார்கள். கூச்சத்தால் கால் போகக் கூடாது அல்லவா?

இளம் தாய்மார்களுக்கு

குழந்தை பிறந்த சில வாரங்களில் கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலித்துத் துணி பிழிய முடியாமல் போகிறதா? அதற்கு 'டி கெர்வேன்' என்று பெயர். 1895-ல் இதை விவரித்த ஸ்விட்சர்லாந்து டாக்டரின் பெயர் அது. குழந்தையின் அக்குளில் இரண்டு கட்டைவிரலையும் விரித்துக் கொடுத்து அடிக்கடி தூக்குவதால், கட்டைவிரல் நார் உரசி வீங்குகிறது. பச்சை உடம்பில் காற்று பட்டதால் அல்ல. விரலை விரிக்காமல், ஒரு கையைப் பிட்டத்துக்கு அடியிலும் மறு கையை முதுகுக்குப் பின்னாலும் கொடுத்துத் தூக்குங்கள். குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

பால் கொடுக்கும்போது குழந்தையை நோக்கி நீங்கள் குனியாதீர்கள். மடியில் தலையணை வைத்துக் குழந்தையை உயர்த்திக் கொள்ளுங்கள். குடமானாலும் குழந்தையானாலும் எப்போதும் ஒரே இடுப்பில் வைக்காமல் மாற்றி மாற்றி வையுங்கள். காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்தினால் அது 'பிளாண்டர் ஃபேசியைட்டிஸ்', நம் பாட்டிமார் சொன்ன குதிகால் வாதம். பாதத்தின் அடி நார் இறுகியதால் வருவது. கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியும் மெத்தென்ற செருப்பும் உதவும்.

சுண்ணாம்பு பூமி

எங்கள் மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அதன் சிப்பிகளும் நத்தைகளும் கல்லாகி இன்றும் கிடைக்கின்றன. அந்தக் கல்லை நம்பித்தான் எங்கள் ஊரில் சிமெண்ட் ஆலையே வந்தது. கால்சியம் மாத்திரையில் பெரும்பாலும் இருப்பதும் அதே பொருள்தான், கால்சியம் கார்பனேட். ஆனாலும் எங்கள் பெண்களின் எலும்பில் கால்சியம் குறைவு! மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு பொரபொரத்துப் போவதற்கு 'ஆஸ்டியோபோரோசிஸ்' என்று பெயர். அதற்கு முன்படி 'ஆஸ்டியோபீனியா'. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-ல் கூறியிருக்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கிடைக்கிறது. கேழ்வரகுக் களி, மோர், கீரை, எள்ளுருண்டை, கொஞ்சம் வெயில், இவை போதாதவர்களுக்குத்தான் மாத்திரை. அதுவும் டாக்டர் சொன்ன பிறகு.

என் நாத்தனாரைப் பற்றிச் சொல்லவில்லையே! முதல் வாரம் வீட்டு வாசல் வரை நடந்தாள். இரண்டாம் வாரம் பிள்ளையார் கோயில் வரை. மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது, தவழும் நிலையில் எதிரெதிர்க் கையும் காலும் நீட்டுவது என்று மேடம் சொன்ன நாலைந்து பயிற்சிகள். ஏழாம் வாரம், முட்டி மடக்கி உட்கார்ந்து, குழந்தையை மார்போடு அணைத்து எழுந்து நின்றாள். குழந்தை சிரித்தது, அத்தை அழுதார். இப்போது தன் வீட்டில்தான் இருக்கிறாள். மழை நாளில் வலி எட்டிப் பார்ப்பது உண்டு. "வலிச்சா வலிக்கட்டும் அண்ணி, அது யாருன்னு எனக்குத் தெரியும்" என்று போனில் சொல்கிறாள்.

சகோதரிகளே, அடுத்த முறை ரிப்போர்ட் கைக்கு வந்தால் டாக்டரிடம் நாலு கேள்வி கேளுங்கள். இந்த வார்த்தைக்குத் தமிழில் என்ன அர்த்தம்? என் வலிக்கு இதுதான் காரணமா? நான் எந்த வேலை செய்யலாம்? எது வந்தால் உடனே ஓடி வர வேண்டும்? பதிலை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு நோட்டு இப்போது தெருவில் நாலு வீடு சுற்றி வந்துவிட்டது. எதிர் வீட்டு அக்கா அதில் 'குதிரை வால்' பக்கத்தை மட்டும் தன் மகளுக்கு எழுதி எடுத்துக்கொண்டார்.